துப்பறியும் பெண்ணுக்கு இடம் வேண்டும்

2023இல் வெளியான ‘தஹாட்’ இந்தி இணையத் தொடரில், காணாமல்போன பெண்களின் வழக்குகளைக் கோத்துப் பார்த்துக் கொலைகாரனை நெருங்குகிறவர் உதவி ஆய்வாளர் அஞ்சலி.

கர்நாடகத்தில் நிஜமாகவே இப்படி ஒரு கொலைகாரன் இருந்தான். ‘சயனைடு’ மோகன், பள்ளி ஆசிரியர். திருமண ஆசை காட்டி அழைத்துச் சென்ற பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை என்று சயனைடைக் கொடுத்தான். பேருந்து நிலையக் கழிப்பறைகளில் சடலங்கள் கிடந்தன. ஊருக்கு ஊர் தனித்தனி வழக்கு. 2009இல்தான் பிடிபட்டான். ‘யாருடனோ ஓடிப்போயிருப்பாள்’ என்ற அலட்சியம்தான் அவனுக்கு அத்தனை ஆண்டுகளைக் கொடுத்தது.

தமிழில் ‘ராட்சசன்’ (2018) படம் கொலைகாரனைத் துரத்தும் வேலையை ஆணுக்கே தந்தது. அதில் பெண் அதிகாரி முட்டுக்கட்டை போடுகிறார்.

1992இலேயே ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் கண்ட மாநிலம் தமிழ்நாடு. இங்கேயோ, பக்கத்துப் புதுச்சேரியின் மூலக்குளத்திலோ வில்லியனூரிலோ புகாரைப் பதிவுசெய்யும் பெண் காவலரை நாயகியாக்கித் தமிழில் ஒரு படம் வரவேண்டும்.