ஒரே பட்டனை அமுக்கினா போதுமாம்!

"ஒத்த பட்டனை அமுக்கிட்டு உக்காந்திருக்கான், இதுல என்னய்யா திறமை?" வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல அஞ்சு கேரக்டரை ஒரே ஆளா ஓட்டறவங்களைப் பத்திப் பேச்சு வந்தாலே இந்த டயலாக்கும் கூடவே வந்துடுது. இதைச் சொல்றவங்கள்ல முக்காவாசிப் பேர் ஒரு மேக்ரோகூட எழுதிப் பாத்திருக்க மாட்டாங்க. அதான் கடுப்பு.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இதுக்குப் பேரு மல்டிபாக்ஸிங். அஞ்சு அக்கவுண்ட், அஞ்சு சந்தா, அஞ்சு விண்டோ, ஆனா விளையாடறது ஒரே மனுஷன். ஒரு கீயைத் தட்டினா அது அஞ்சு விண்டோவுக்கும் போற மாதிரி தனியா ஒரு சாஃப்ட்வேர் வச்சுப்பாங்க (ஐஎஸ்பாக்ஸர், ஹாட்கீநெட் இப்படி). தட்டின கீ என்ன வேலை செய்யணும்னு சொல்றது, ஆட்டத்துக்குள்ளேயே நாம எழுதி வைக்கிற மேக்ரோ.

மேக்ரோன்னா ஏதோ ரோபோன்னு நினைக்கறாங்க. மொத்தமே 255 எழுத்துதான். ஒரு தடவை அமுக்கினா ஒரு மந்திரம்தான் போகும். கீழ நாலு மந்திரம் எழுதி வச்சாலும், முதல் மந்திரம் போனதுமே ஒன்றரை செகண்ட் பொதுப்பூட்டு விழுந்துடும். 2006 டிசம்பர்ல வந்த 2.0 பேட்சுக்கு அப்புறம், சண்டை நடுவுல 'யாருக்கு ரத்தம் கம்மியா இருக்கு, அவனுக்கு வைத்தியம் பண்ணு'ன்னு முடிவெடுக்கிற வேலையை ஆட்-ஆன்கிட்டயும் விட முடியாது, மேக்ரோகிட்டயும் விட முடியாது. எதிரியா நண்பனா, செத்துட்டானா, ஷிஃப்ட் அமுக்கியிருக்கா, இந்த மாதிரி கேள்விக்குத்தான் அதுகிட்ட பதில் இருக்கு. மத்ததெல்லாம் நம்ம மண்டையிலதான் ஓடணும்.

இப்ப அஞ்சு ஷாமன் வச்சு ஆடறோம்னு வைங்க. பின்னாடி வர்ற நாலு பேரும் லீடர் அடிக்கிறவனையே அடிக்கணும். ஈஸியான வழி, ஒவ்வொரு மேக்ரோவுலயும் /அசிஸ்ட் போட்டு லீடர் பேரை எழுதறது. நல்லாத்தான் இருக்கும், லீடர் சாகற வரைக்கும். அவன் செத்தா மிச்ச நாலு பேரும் குருடு. அதனால விவரமான ஆளுங்க பேரை எழுதாம லீடரை ஃபோகஸா வச்சுட்டு, 'ஃபோகஸ் யாரைப் பாக்கறானோ அவனை அடி'ன்னு எழுதுவாங்க. லீடர் போயிட்டா இன்னொருத்தனை ஃபோகஸாக்க ஒரு கீ தனியா.

அடுத்தது /காஸ்ட்சீக்வென்ஸ். ஃப்ளேம் ஷாக், லைட்னிங் போல்ட், லைட்னிங் போல்ட்னு வரிசையா எழுதிட்டா ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒண்ணொண்ணாப் போகும். கேக்க சுகமா இருக்குல்ல? அந்த வரிசையில ஒரு மந்திரம் தயாராகலைன்னா மொத்த வரிசையும் அங்கயே நின்னுடும், தாண்டிப் போகாது. நாலு பேர்ல ஒருத்தன் ரேஞ்சுக்கு வெளிய இருந்தா அவன் வரிசை மட்டும் ஒரு படி பின்தங்கிடும். ரீசெட் எப்ப ஆகணும், டார்கெட் மாறும்போதா, சண்டை முடிஞ்சப்பவா, அதையும் அந்த 255 எழுத்துக்குள்ளதான் அடைக்கணும். இதுக்கு மேல /ஃபாலோ தொல்லை வேற: எல்லாரும் ஒரே இடத்துல குவிஞ்சு நிப்பாங்க, தரையில ஒரு நெருப்பு விழுந்தா அஞ்சு பேரும் மொத்தமா சாம்பல். இதுக்குப் பேரு ஒத்தப் பட்டனா சாமி?

சரி, எதிர்த்தரப்புலயும் ஒரு நியாயம் இருக்கு. போர்க்களத்துல அஞ்சு ஷாமனோட மின்னலும் ஒரே நேரத்துல ஒருத்தன் தலையில இறங்கினா, அவனுக்கு வைத்தியம் பாக்கக்கூட யாருக்கும் நேரம் கிடைக்காது. அந்த வயித்தெரிச்சல் நிஜம்தான். அப்ப ஆளுக்கு ஆள் மோதற போர்க்களத்துல மட்டும் தடை போட்டிருக்கலாமே?

2020 நவம்பர்ல, ஷாடோலேண்ட்ஸ் வர்ற நேரத்துல, பிளிஸ்ஸார்ட் என்ன பண்ணாங்க தெரியுமா? கீயைக் காப்பி பண்ணி அனுப்பற சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும், எல்லா இடத்துலயும் தடை. ஆட்டம் வந்தது 2004ல. பதினாறு வருஷம் 'பரவால்ல, ஆடுங்க'ன்னு சொல்லிட்டு. ஒரு சந்தா அமெரிக்காவுல மாசம் 14.99 டாலர், அஞ்சுக்கு 74.95. நான் படிக்கிற பி.காமை வச்சுக்கூட இது யாருக்கு லாபம்னு கணக்குப் போட்டுடலாம்.

எல்லாரும் சொன்ன பெரிய புகார் மூலிகை விலை. பத்து ட்ரூயிட் சேர்ந்து பறந்து வந்து ஒரே செடியில பத்து பங்கு பறிச்சுட்டுப் போறாங்க, தனியா பறிக்கிறவன் சரக்கு ஏலத்துல விலை போகலைன்னு. வாஸ்தவம். ஆனா ஒரே செடியைப் பல பேர் பறிக்கலாம்ங்கற விதியைக் கொண்டு வந்தது யாரு? 2016ல லீஜன் வந்தப்ப இவங்களேதான். அதுக்கு முன்னாடி ஒரு செடி ஒருத்தனுக்குத்தான். பத்து பேரைக் கூட்டிட்டுப் போனாலும் ஒண்ணுதான் கிடைக்கும், மத்த ஒன்பது பேரும் வேடிக்கைதான் பாக்கணும். அதோட 2015லேருந்து வாவ் டோக்கன் வேற. ஆட்டத்துல சம்பாதிச்ச தங்கத்தைக் குடுத்து சந்தா கட்டிக்கலாம். அந்த டோக்கனை இன்னொருத்தர் 20 டாலர் குடுத்து வாங்கியிருப்பாரு. ஆக, சந்தாவை விட அஞ்சு டாலர் ஜாஸ்தி. செடியைப் பத்தாக்கினது ஒரு பக்கம், அதுல வந்த காசுலயே பத்து அக்கவுண்டை ஓட்ட வழி பண்ணிக் குடுத்தது இன்னொரு பக்கம். கடைசியில பழி விழுந்தது கீபோர்டு முன்னாடி உக்காந்திருந்தவன் மேல. செடியில ஒரு உச்சவரம்பு வச்சிருந்தா விலை தானா நிமிர்ந்திருக்கும். சப்ளையைக் குறைக்கணும்னா சப்ளை வர்ற இடத்துலதானே கை வைக்கணும்?

ஈவ் ஆன்லைன் நடத்தற சிசிபியும் இதே தடையைப் போட்டாங்க, 2015 ஜனவரி 1லேருந்து. அங்க ஒரே ஆளு கப்பல் கூட்டத்தையே வச்சு சுரங்கம் தோண்டினதும் குண்டு போட்டதும் பெரிய பிரச்னையா இருந்துச்சு. அந்தத் தடையை விட்டுடறேன். அந்த ஆட்டமே பொருளாதாரம்தான், அங்க கணக்கு வேற.

வாவ்ல இப்பவும் அஞ்சு அக்கவுண்ட் வச்சுக்கறது தப்பில்லையாம். ஒவ்வொரு விண்டோவாத் தாவித் தாவி நாமளே கீயைத் தட்டணும், அவ்ளோதான். சுத்தி வர்ற நேரத்துல ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தட்டுதான் கிடைக்கும். அந்த ஒரு தட்டுல உருப்படியா ஏதாவது நடக்கணும்னா மேக்ரோவை முன்னைவிட நுணுக்கமா எழுதியாகணும். ஒத்தப் பட்டன்னு கிண்டல் பண்ணவங்க ஒரு சாயங்காலம் அப்படி அஞ்சு பேரை ஒரு டஞ்சனுக்குள்ள கூட்டிட்டுப் போய், உசிரோட வெளிய கொண்டு வந்து காட்டட்டும். அஞ்சு சந்தாவையும் வாங்கிக்க அவங்க இப்பவும் ரெடியாத்தான் இருக்காங்க.