கொடையும் நிபந்தனையும்

ஊர் மடத்தில் அன்னதானம். அரிசி கொடுத்தவர், "இதுபற்றிய விளம்பரத்தில் என் பெயர் இடம்பெறல் வேண்டும்" என்கிறார். பருப்பு கொடுத்தவரோ, "என் பொருள் கலந்த உணவுக்கு வேறெவரும் புதிய நிபந்தனை விதித்தலாகாது" என்கிறார். இருவரும் கொடையாளிகளே, ஆயினும், இருவர் சொல்லையும் காத்து ஒரு பிடி சோறு பரிமாற முடியுமா?

பலர் கூடி எழுதும் கணினி மென்பொருளிலும் இச்சிக்கல் உண்டு. மூலநிரலை யாவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் எனத் தாராளமாக அளிப்போரும் அதற்கென உரிமம் ஒன்றை எழுதிவைக்கின்றனர். அமெரிக்காவின் கலிபோர்ணியாச் சர்வகலாசாலை, தனது பேர்க்கிலி மென்பொருளைக் குறிப்பிடும் விளம்பரங்களில் தன் பெயரையும் கூறல் வேண்டும் என விதித்திருந்தது. றிச்சர்ட் ஸ்டோல்மன் வகுத்த ஜீ.பீ.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்போ (1991), பெறுவோர்மீது மேலதிகக் கட்டுப்பாடு எதனையும் சுமத்தலாகாது என்றது. ஆகவே, இவ்விருவகை நிரல்களையும் ஒன்றாக்கி வெளியிட வழியில்லாது போயிற்று.

பேர்க்கிலி உரிமத்தைப் பின்பற்றியோர் தத்தம் பெயர்களையும் இட்டுக்கொண்டனர். 1997ஆம் ஆண்டின் நெட்பீஎஸ்டி பதிப்பொன்றில் இத்தகைய வாசகங்கள் 75 இருக்கக் கண்டதாக ஸ்டோல்மன் எழுதினார். 1999இல் சர்வகலாசாலை அந்நிபந்தனையை நீக்கியது. ஆனால், தன் நிரலுக்கு மாத்திரமே. பிறர் எழுதியவற்றுக்கு அவரவரே இசைதல் வேண்டுமன்றோ?

இணையச் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்ப உதவும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளிலும் இத்தகைய நிபந்தனை இருந்தது. அதனை விடுத்து அப்பாச்சி உரிமத்துக்கு மாற எண்ணியோர், பல்லாண்டுகளாகப் பங்களித்தவர்களைத் தேடிச் சம்மதம் கேட்க நேர்ந்தது. 2021இல் வெளிவந்த 3.0 பதிப்பே புதிய உரிமத்தைப் பெற்றது. அந்த உரிமமும் ஜீ.பீ.எல். மூன்றாம் பதிப்போடு இணங்குமேயன்றி, இரண்டாம் பதிப்போடு இணங்காது என்பதே ஸ்டோல்மன் நிறுவிய அமைப்பின் கருத்து.

மாணவ நண்பர்களே! "இரண்டும் இலவசந்தானே" என்றெண்ணி நிரல்களைக் கலந்துவிடாதீர்கள். உரிமத்தின் பெயரோடு பதிப்பெண்ணையும் பாருங்கள். நீங்களாகவே புதிய உரிமம் எழுதப் புகாது, பலரும் அறிந்த ஒன்றை முதல் நாளிலேயே தெரிவு செய்யுங்கள். இருவர் மட்டும் கூடியிருக்கையில் அது ஒரு மாலைப்பொழுதில் முடியும் பேச்சு. நூறு பேர் எழுதிச் சென்றபின்னரோ, அவர்களைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.