பொய்ப் படம் யாருக்கு ஊழியம் செய்கிறது?

2023 மார்ச் மாதம். "தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள்" என்று செல்போனுக்குச் செல்போன் படங்கள் பறந்தன. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் உழைத்த வடநாட்டுத் தோழர்கள் பீதியடைந்து ரயிலேறினார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி! விசாரிக்க அதிகாரிகள் குழு வந்தது. கண்டது என்ன? அத்தனையும் புளுகு! வேறெதற்கோ நடந்த அடிதடிக் காட்சிகளை எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு படம் பாட்னாவிலேயே நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார் போலீசே கூறியது.

இதனால் லாபம் யாருக்கு? தமிழ்த் தொழிலாளிக்கா? பீகார் தொழிலாளிக்கா? இருவரும் ஒரே சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டுவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்குத்தான்!

அதே ஆண்டு மே 28. பாலியல் கொடுமைக்கு நீதி கேட்டு டில்லியில் ஊர்வலம் சென்ற மல்யுத்த வீராங்கனைகளைப் போலீசார் பிடித்து வண்டியில் ஏற்றினர். வண்டிக்குள் இருந்த வினேஷ் போகாட், சங்கீதா போகாட் இருவரின் வாடிய முகங்களில் கம்ப்யூட்டர் வித்தையால் சிரிப்பை ஒட்டிப் பரப்பினார்கள். போராட்டமே நாடகம் என்று காட்டும் சூழ்ச்சி! நாளை ஆலை வாசலில் மறியல் செய்யும் நம் சகோதரியின் முகத்தை மட்டும் விட்டு வைப்பார்களா? ஆபாசப் படத்தில் அவள் தலையை ஒட்டினால், சங்கத்துக்கு வர எத்தனை பெண்கள் துணிவார்கள்?

"அப்படியானால் போலீசுக்கு மேலும் அதிகாரம் கொடுங்கள்" என்கிறார்கள் சிலர். கூடாது என்கிறோம் நாம்! தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை மறந்துவிட்டோமா? 2012ல் மும்பை கடையடைப்பைப் பற்றி முகநூலில் எழுதிய ஒரு பெண்ணையும், அதை 'லைக்' செய்த அவள் தோழியையும் கைது செய்ய அந்தப் பிரிவுதான் உதவியது. 2015ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. சர்க்காரைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று சர்க்காரே தீர்ப்புச் சொல்லும் விதி 2023ல் வந்தது. அடுத்த ஆண்டே பம்பாய் ஹைக்கோர்ட் அதையும் தள்ளியது. திருடனைப் பிடிக்க வீட்டுச் சாவியையே போலீசிடம் கொடுப்பதா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை பங்களாவுக்கு மட்டுமல்ல, குடிசைக்கும் உண்டு.

ஆகவே கோருகிறோம்: புகார் தரும் பெண்ணை ஸ்டேஷன் வாசலிலிருந்து விரட்டாதே! பொய்ப் படத்தால் காசு குவிக்கும் கம்பெனிகளைப் பொறுப்பாளியாக்கு! உண்மை பேசுவோர் மீது கை வைக்காதே!

தோழர்களே! கையில் வந்த படத்தை அடுத்தவருக்குத் தள்ளுமுன் சங்கத்தில் கேளுங்கள், விசாரியுங்கள். பொய்யின் கூலியாளாக எந்தத் தொழிலாளியும் ஆகக் கூடாது!