கடைக்குட்டியின் கால்களைக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்



ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "இந்த வருடம் எங்கே போகிறோம்?" என்பதாகும். முன்பெல்லாம் நன்னி வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வந்தால் விடுமுறை நிறைந்துவிடும். இன்றோ, சபுரில் இருக்கும் மாமாவோ சாச்சாவோ "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பெரிய பூங்காவுக்கு அழைத்துப் போகலாம்" என்று கூப்பிடுகிறார்கள். பல மாதச் சேமிப்பைத் திரட்டி, பாஸ்போர்ட் எடுத்து, விமானச் சீட்டும் வாங்கிப் புறப்பட்டுவிடுகிறோம். அங்கே போனபின் நடப்பதென்ன? "இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறோம், ஒன்றையும் விட்டுவிடக் கூடாது" என்று பெரியவர்கள் விரட்ட, நண்பகல் வெயிலில் கால் சோர்ந்த சிறு பிள்ளை தரையில் அமர்ந்து அழுகிறது. யாருக்காகப் போனோமோ அந்தப் பிள்ளைக்கே அடி விழுகிறது!

ஆகவே, நுழைவுச்சீட்டின் விலையைக் கொண்டு பயணத்திட்டம் போடாதீர்கள். உங்கள் வீட்டுக் கடைக்குட்டியின் கால்களைக் கொண்டு போடுங்கள் என்பதே இம்மாதம் நான் சொல்ல விரும்புவது.

எடுத்துக்காட்டுக்கு ஜொகூரில் உள்ள லெகோலாந்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூருக்கு உறவினரைப் பார்க்கப் போகும் நம் குடும்பங்கள் எளிதில் சென்று வரக்கூடிய இடம் அது. டென்மார்க்கில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் லெகோ கட்டைகளைத் தந்த நிறுவனமாயிற்று. அந்தக் கட்டைகளைக் கருவாக வைத்து 1968இல் அவருடைய ஊரான பில்லுண்டில் முதற்பூங்கா எழுந்தது. ஆசியாவின் முதல் லெகோலாந்து 2012 செப்டம்பரில் ஜொகூரில் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் அதனோடு நீர்ப்பூங்காவும் தங்கும் விடுதியும் சேர்ந்தன. 2019இல் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஒன்றும் வந்தது. ஆகவே ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று நாட்களைக் கழிக்கலாம்.

அது இரண்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கென அமைந்த இடம். பதினான்கு வயது மகனை அங்கே அழைத்துச் சென்றால், "என்னை ஏன் கொண்டுவந்தீர்கள்?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவனுக்குச் சிங்கப்பூரின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் ஒரு நாள் போதும். மாறாக, கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு என் கருத்தைச் சொல்வேன்: இயலுமானால் இரண்டு ஆண்டுகள் பொறுங்கள். இளையவனுக்கு நான்கு வயதாகி, மூத்தவள் பத்தைத் தாண்டாமல் இருக்கும் அந்தச் சில ஆண்டுகளே இத்தகைய பயணத்துக்குப் பொன்னான காலம்.

எப்போது போவது? பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஜொகூரில் ஆண்டு முழுவதும் வெயில் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே மாதத்தைவிடக் கூட்டத்தையே பார்க்க வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் முழுவதும், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் முடிய, மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம் என விடுமுறை வருகிறது. அந்நாட்களில் எல்லையிலும் நெரிசல், பூங்காவிலும் நெரிசல். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் விடுமுறை இருப்பது இதில் நமக்கு வாய்த்த அனுகூலம். ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று 2014 முதல் இருந்துவந்தது. 2025 ஜனவரி முதல் அது சனி, ஞாயிறாக மாறிவிட்டது. பழைய கணக்கில் "ஞாயிறு கூட்டம் குறைவு" என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். திங்கள் முதல் வியாழன் வரையிலான நாட்களே நல்லவை. வெள்ளியை ஜும்ஆவுக்கும் ஓய்வுக்கும் விட்டுவிடலாம். சில பருவங்களில் வார நாட்களில் பூங்காவை மூடுவதும் உண்டு என்பதால், சீட்டு வாங்குமுன் திறக்கும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி பற்றி ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூரில் இறங்கி, எல்லை கடந்து ஜொகூர் சென்று, மீண்டும் சிங்கப்பூர் வந்து ஊர் திரும்புவதானால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இருமுறை நுழைகிறீர்கள். உங்கள் விசா பலமுறை நுழைய இடம் தருவதா என்று பயண முகவரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் விசாவையும் தனித்தனியே பாருங்கள். மலேசியாவின் நுழைவு விதிகளையும் புறப்படும் மாதத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நலம், அவை மாறிக்கொண்டிருப்பவை. உட்லண்ட்ஸ் தரைப்பாலத்தைவிட, 1998இல் திறந்த துவாஸ் இரண்டாம் பாலமே லெகோலாந்துக்குப் பக்கம்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. மலேசியாவும் சிங்கப்பூரும் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியவை. ஊரில் காலை ஆறரைக்கு எழும் பிள்ளைக்கு அங்கே ஒன்பது மணிக்குத்தான் விழிப்பு வரும். இரவு ஒன்பதுக்கு உறங்கும் பிள்ளை அங்கே பதினொன்றரை வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கும். இதை அறியாமல், நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்கிய அன்றே பூங்காவுக்கு ஓடுவதும், மறுநாள் ஏழு மணிக்குப் பிள்ளைகளைத் தட்டி எழுப்புவதும் நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் துன்பம். பூங்கா பொதுவாகக் காலை பத்து மணிக்குத்தான் திறக்கிறது. அங்கே சூரியன் உதிப்பதே ஏறத்தாழ ஏழு மணிக்கு. நீங்கள் சுப்ஹு தொழுது, நிதானமாகத் தேநீர் அருந்தி, பிள்ளைகள் தாமாக எழும்வரை விட்டுவிட்டாலும் நேரம் சரியாக இருக்கும். வந்திறங்கும் நாள் உறங்குவதற்கே உரியது.

முதல் நாள் பூங்கா. திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் வெயிலும் குறைவு, வரிசையும் குறைவு. பிள்ளைகள் மிகவும் விரும்பும் இரண்டு சவாரிகளை முந்தின இரவே அவர்களைக் கொண்டே தேர்ந்தெடுக்கச் செய்து, அவற்றை முதலில் முடித்துவிட்டால் அதன்பின் எது விடுபட்டாலும் மனக்குறை இராது. லெகோலாந்தில் பிள்ளைகள் தாமே சிறிய மின்கார் ஓட்டும் பள்ளி ஒன்று உண்டு. ஆறு முதல் பதின்மூன்று வயதினருக்கு ஒன்று, மூன்று முதல் ஐந்து வயதினருக்கு மற்றொன்று எனப் பிரித்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கில் நின்று, பச்சையில் நகர்ந்து, பாதையில் ஒழுங்காக ஓட்டப் பழகுகிறார்கள். என்னைக் கேட்டால், தலைகீழாகச் சுழலும் எந்த ராட்டினத்தையும்விட இதுவே பிள்ளைகளின் நினைவில் தங்கும். மூன்று கோடிக்கும் மேற்பட்ட கட்டைகளால் ஆன மினிலாந்தில் பதினேழு ஆசிய நாடுகளின் காட்சிகள் உள்ளன. தாஜ்மஹாலும் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரமும் அங்கே நிற்கின்றன. நிழல் குறைந்த இடமாகையால் அதையும் முற்பகலிலேயே பார்த்துவிடுங்கள்.

லுஹர் வக்து அங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு மணியையொட்டி வருகிறது. பிள்ளைகளின் பசியும் களைப்பும் உச்சமாகும் நேரமும் அதுவே. இந்த இரண்டையும் ஒன்றாக இணைத்து, ஒரு மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். வளாகத்தில் தொழுமிடம் உள்ளது. அங்கே அதை சூராவ் என்பார்கள். தொழுது, உண்டு, விடுதி அருகிலிருந்தால் திரும்பிப் போய் இரண்டு மணி நேரம் உறங்க வைத்து, நான்கு மணிக்கு மறுபடி வாருங்கள். "சீட்டு வீணாகிறதே" என்று வீட்டுக்காரர் முணுமுணுக்கலாம். உறங்கி எழுந்த பிள்ளையோடு கழிக்கும் இரண்டு மணி நேரம், உறங்காத பிள்ளையை இழுத்துக்கொண்டு திரியும் ஐந்து மணி நேரத்தைவிட மேலானது என்று சொல்லுங்கள். தவிர, பிற்பகலில் இடிமழை வருவது அப்பகுதியின் வழக்கம். மின்னல் கண்டால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். முற்பகலை நன்கு பயன்படுத்தியவருக்கு மழையால் நட்டமில்லை. கூரையடியில் இருக்கும் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தை அத்தகைய பிற்பகலுக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

பூங்கா மாலை ஆறு மணியளவில் மூடுவதால் அங்கே வரும் வக்து லுஹரும் அஸரும் மட்டுமே. சபுரில் இருப்போர்க்கான கஸ்ரு, ஜம்உச் சலுகைகளைத் தத்தம் மத்ஹபுப்படி ஊரில் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து புறப்பட்டால், அங்கே நின்று விவாதிக்க வேண்டியதில்லை. உணவைப் பொறுத்தவரை மலேசியாவில் ஜாகிம் முத்திரையும் சிங்கப்பூரில் மூயிஸ் முத்திரையும் ஹலாலுக்கான சான்றுகள். யுனிவர்சல் ஸ்டூடியோவில் எல்லா உணவகங்களும் ஹலால் அல்ல; முத்திரை உள்ளவற்றைத் தேடியே செல்ல வேண்டும்.

இப்போது சற்றுக் கசப்பான ஒரு செய்தி. லெகோலாந்தில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கும், யுனிவர்சல் ஸ்டூடியோவில் நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கும் கட்டணம் இல்லை. எல்லையைச் சில மாதங்கள் தாண்டிய பிள்ளைக்கும் "இரண்டரை என்று சொல்லிவிடு" என்று யோசனை சொல்ல உறவினர் ஒருவர் எப்போதும் இருப்பார். அந்தப் பிள்ளையோ தன் வயதை விரல் விட்டுக் காட்டிப் பெருமை கொள்ளும் பருவத்தில் இருக்கிறது! அதன் கண் முன்னே, அதன் பெயரால், பெற்ற தாய் பொய் சொல்வதை அது கேட்கிறது. வீட்டில் ஓதிக்கொடுத்த அமானிதமும் வாய்மையும் அந்தச் சாளரத்தடியில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கட்டணம் கைக்கு எட்டாது என்றால் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம்.

உயர விஷயத்திலும் இதே தந்திரம் நடக்கிறது. காலணிக்குள் துணியை மடித்து வைத்து உயரத்தைக் கூட்டுகிறார்கள். யுனிவர்சல் ஸ்டூடியோவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 சென்டிமீட்டர், மம்மி சவாரிக்கு 122 சென்டிமீட்டர் என்று அளவுகள் உள்ளன. லெகோலாந்திலும் பெரிய சவாரிகளுக்கு அளவுகோல் உண்டு. மடியின் மேல் இறங்கிப் பூட்டும் கம்பி, குறிப்பிட்ட உடலளவுக்கு மேற்பட்டவரைத்தான் இறுகப் பிடிக்கும். சிறிய உடல் அதன் அடியில் வழுகிவிடக்கூடும். அளவு குறைந்த பிள்ளையை ஊழியர் திருப்பியனுப்பினால் அவரோடு வாதாடாதீர்கள். அதற்குப் பதிலாக, ஊரிலேயே சுவரில் கோடு போட்டு ஒவ்வொருவரையும் அளந்து, "இவையெல்லாம் உனக்கு, அவை அடுத்த முறைக்கு" என்று சொல்லி வைத்துவிடுங்கள். வாசல்வரை போய் ஏமாறும் பிள்ளையின் அழுகைதான் ஆற்ற முடியாதது. பெற்றோர் இருவரும் ஏற விரும்பினால், ஒருவர் சின்னவனோடு காத்திருந்து பின்னர் மாறிக்கொள்ளும் ஏற்பாடு பல பூங்காக்களில் உண்டு. வாசலில் நிற்கும் ஊழியரைக் கேளுங்கள்.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிடும் அச்சம் எந்தத் தாய்க்கும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணிவியுங்கள். காலையில் விடுதியை விட்டுக் கிளம்புமுன் அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேட நேர்ந்தால் "என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று திகைக்க வேண்டியிராது. அங்கே பயன்படும் தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் கையிலோ உட்சட்டையிலோ எழுதுங்கள். "காணாமல் போனால் எங்களைத் தேடி ஓடாதே, நின்ற இடத்திலேயே நில், சீருடை அணிந்தவரிடம் சொல்" என்று பழக்குங்கள்.

இரண்டாம் நாள் நீர்ப்பூங்கா. இத்தகைய இடங்களில் பருத்தி ஆடையுடனும் ஜீன்ஸுடனும் நீரில் இறங்க விடமாட்டார்கள். உடல் முழுவதும் மறைக்கும் நீச்சலுடை மலேசியப் பெண்கள் இயல்பாக அணிவது. தலைமறைப்போடு சேர்ந்தே கடைகளில் கிடைக்கிறது. பூங்காவுக்குள் வாங்கினால் விலை கூடுதலாக இருக்கும் என்பதால் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டயப்பர் போடும் குழந்தைக்கு நீருக்கென்றே தனி வகை வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று. சவாரியிலிருந்து வெளியேறும் வழி பல இடங்களில் பொம்மைக் கடைக்குள் போய் முடிகிறது. ஒவ்வொரு கடையிலும் போராடுவதைவிட, முதல் நாள் காலையில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அளவான ரிங்கிட் நோட்டைக் கொடுத்து, "மூன்று நாளுக்கும் இது உன்னுடையது, இதற்குமேல் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். தன் பணம் என்றதும் ஆறு வயதுப் பிள்ளைகூட விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கும். நன்னாவுக்கும் நன்னிக்கும் என்ன வாங்குவது என்பதையும் அவர்களிடமே விட்டுவிடலாம்.

மூன்றாம் நாளைத் திட்டமில்லாமல் விட்டு வையுங்கள். முந்தின நாள் மழை கெடுத்திருந்தால் அது ஈடு செய்யும். பிள்ளைக்குச் சுரமோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஓய்வுக்கு ஆகும், ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வழக்கமாகக் கொடுக்கும் சுர மருந்தும் ஊரிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். எல்லாம் நலமாக இருந்தால், இன்ஷா அல்லாஹ், எந்தச் சவாரிக்கு மறுபடி போவது என்பதைக் கடைக்குட்டியே முடிவு செய்யட்டும்.