கயிறு இருந்தால் பரீட்சை, கயிறு இல்லாவிட்டால் வெறும் கையெழுத்து!

சிங்கப்பூரில் ஸ்கூல் லீவு விட்டால் இப்போது நிறைய குடும்பங்கள் கிளைம்பிங் ஜிம் பக்கம் போகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் அங்கே நடக்கும் ஒரு வினோதத்தை யாரும் கேள்வி கேட்பதாகத் தெரியவில்லை. ஒரு டாக்டராக நான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1/ முதல்முறை போகிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பெரிய ஜிம்மில் பொதுவாக நாலு வகை ஏறுதல் இருக்கும்.

டாப் ரோப்: கயிறு சுவரின் உச்சி வழியாக ஏற்கெனவே தொங்கும். ஒரு முனை உங்கள் ஹார்னஸில், மறுமுனை கீழே நிற்கும் கூட்டாளியிடம்.
லீட்: கயிற்றை நீங்களே கீழிருந்து இழுத்துக்கொண்டு போய், வழியில் உள்ள கொக்கிகளில் மாட்டி மாட்டி ஏறணும்.
ஆட்டோ பிலே: கூட்டாளிக்குப் பதிலாக ஒரு மெஷின் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.
போல்டரிங்: கயிறே கிடையாது. சுமார் 4 மீட்டர் சுவர், கீழே தடியான மெத்தை. அவ்வளவுதான்.

2/ இப்போ வினோதத்துக்கு வருவோம். டாப் ரோப்பில் ஒருவருக்குக் கயிறு பிடிக்கணும்னா உங்களுக்குத் தகுதி வேணும். எஸ்.என்.சி.எஸ். என்ற சான்றிதழ் வைத்திருக்கணும், இல்லாவிட்டால் ஜிம் வைக்கும் சோதனையில் தேறணும். லீட் என்றால் அதற்கு அடுத்த நிலை. முடிச்சு சரியா, ஹார்னஸ் பக்கிள் இறுக்கமா, கொக்கி பூட்டியிருக்கான்னு ஒருவரை ஒருவர் சரிபார்த்த பிறகுதான் கால் தரையை விட்டுக் கிளம்பும். சபாஷ்!

3/ போல்டரிங்குக்கு? போனில் ஒரு படிவம், கீழே ஒரு கையெழுத்து. சில இடங்களில் அஞ்சு நிமிஷ விளக்கம். ஷூ வாடகைக்கு வாங்கிட்டு நேரே சுவருக்குப் போகலாம். "பிகினர்ஸா? அப்போ போல்டரிங் போங்க, அதான் ஈஸி" என்று சொல்லியும் அனுப்புகிறார்கள்.

4/ எது ஈஸி? கயிறு கட்டியவர் கை நழுவினால் அந்தரத்தில் தொங்குவார். போல்டரிங்கில் கை நழுவினால் நேரே தரைதான். ஒவ்வொரு முறையும். ஒரு மணி நேரத்தில் நீங்கள் இருபது தடவை விழலாம். விழுவது அந்த விளையாட்டில் ஒரு பாகம். அந்தப் பாகத்தை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை!

5/ "உயரம் கம்மிதானே டாக்டர்?" சின்னக் கணக்கு போடுவோம். உங்கள் பாதம் 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது பிடி விட்டால், கீழே வந்து சேரும்போது வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு கால் மட்டும் கோணலாக இறங்கினால், அல்லது இரண்டு மெத்தைகளின் இணைப்பில் கணுக்கால் சிக்கினால், மெத்தை உங்களைக் காப்பாற்றாது.

6/ போல்டரிங்கில் விழுந்து வருகிறவர்களிடம் அதிகம் பார்ப்பது கணுக்கால் சுளுக்கும் எலும்பு முறிவும்தான். அடுத்தது கை. பின்பக்கம் சாயும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. முழு உடல் எடையும் நீட்டிய கையில் இறங்கும். மணிக்கட்டு முறியும், முழங்கை மூட்டு நழுவும். இயல்பை மாற்ற ஒரு கையெழுத்து போதாது. பயிற்சி வேணும்.

7/ "பயமுறுத்தாதீங்க, கிளைம்பிங் பாதுகாப்பான விளையாட்டுதானே?" ஆமாம், அதை மறுக்கவே இல்லை. ஜெர்மனியில் 5 ஆண்டுகள் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜிம் வருகைகளில் பதிவான விபத்துக் காயங்கள் வெறும் 30. உள்ளரங்க ஏறுதலைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: பத்து நிமிஷத்தில் சொல்லித் தரக்கூடிய விஷயத்தை ஏன் சொல்லித் தரலை?

8/ இன்னொரு பதில் வரும்: "பெரியவங்க, தெரிஞ்சுதானே கையெழுத்துப் போடுறாங்க." விழத் தெரியாது என்பதே தெரியாதவர் எதைத் தெரிந்து கையெழுத்துப் போடுகிறார்? அந்தப் படிவம் ஜிம்முக்குப் பாதுகாப்பு. உங்கள் கணுக்காலுக்கு இல்லை.

9/ ஆட்டோ பிலேயைப் பாருங்க. கயிற்றை மாட்ட மறந்துவிட்டு ஏறிவிடுவார்கள் என்பதுதான் அதில் பெரிய ஆபத்து. அதற்காகவே சுவரின் அடியில் பெரிய முக்கோணத் துணி ஒன்றை மாட்டி வைக்கிறார்கள். கயிற்றைத் தொடாமல் நீங்கள் சுவரைத் தொடவே முடியாது. மனிதன் மறப்பான் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. அதே அக்கறை போல்டரிங் சுவருக்கும் வரட்டும்.

10/ அதுவரை நீங்களே கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் கூச்சப்படாமல் சொல்லுங்க: "முதல்ல விழக் கத்துக்கொடுங்க, அப்புறம் ஏறுறோம்." கத்துக்க வேண்டியது இவ்வளவுதான்:

• இரண்டு பாதமும் சேர்ந்து இறங்கணும், முழங்கால் மடங்கியிருக்கணும்.
• இறங்கியதும் நிற்க முயலாமல், உட்கார்ந்து அப்படியே முதுகில் உருளணும்.
• கைகளை மார்போடு வைத்துக்கணும். ஊன்றவே கூடாது.
• தாடை நெஞ்சை நோக்கி இருக்கணும், தலை மெத்தையில் அடிக்காது.
• உச்சியைத் தொட்டதும் குதிக்காதீங்க. முடிந்தவரை பிடித்து இறங்கி வாங்க.

முதலில் மெத்தையில் நின்றபடியே பத்து தடவை, பிறகு முழங்கால் உயரத்திலிருந்து பத்து தடவை.

11/ பெற்றோர்களே, மெத்தை பிள்ளைகள் ஓடி விளையாடும் இடமில்லை. மேலே இருப்பவர் எப்போது விழுவார் என்று அவருக்கே தெரியாது. ஏறுபவருக்குக் கீழே யாரும் நிற்கவோ, உட்காரவோ, போட்டோ எடுக்கவோ கூடாது.

12/ அடிபட்டால்: நாலு அடி எடுத்து வைக்க முடியலையா? எண்ணெய் தேய்த்து நீவி விட வேண்டாம். எக்ஸ்ரே எடுங்க.

ஏறுங்கள், பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க. ஜிம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் படிவத்துக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். இந்த வாரக் கடைசியில் ஜிம்முக்குக் கிளம்பும் நண்பர் யாராவது இருந்தால், அவருக்கு இந்த இழையை அனுப்பிவிடுங்கள்.