தப்பா வாசிக்கலடா, அதுக்குக் காது கேக்கலை!

ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம். போன ஞாயித்துக்கிழமை நடந்ததுக்கு அப்புறமும் எழுதலைன்னா தூக்கம் வராதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோட வாங்க.

தொப்பூர்ல இருக்கிற அக்கா பையன் ஒரு வருஷமா பேஸ் கிடார் பழகுறான். நாலு தந்தி, கட்டைச் சத்தம், அதேதான். ஊர்ல அதைச் சொல்லித்தர ஆள் கிடையாது. சேலத்துக்கோ தர்மபுரிக்கோ பஸ் ஏறணும். ப்ளஸ் டூ படிக்கிற பையனுக்கு அது நடக்கிற காரியமா? அதனால கம்ப்யூட்டர்ல ஒரு கேம்தான் வாத்தியார். நிஜ கிடாரை ஒயர் போட்டுச் சொருகணும். திரையில நோட்டு வரும், நாம வாசிக்கணும், அது கேட்டுட்டு மார்க் போடும். எந்தக் கேம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். இதுல ஒரு கம்பெனியை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஞாயித்துக்கிழமை போனா பேஸ் பரண்ல ஏறியிருக்கு.

"என்னடா மாப்ள?"

"எனக்கு வராது மாமா. மூணு மாசமா தடிச்ச தந்தியில எதைத் தொட்டாலும் மிஸ் மிஸ்னே காட்டுது. கேமே சொல்லுதே."

இறக்கி வாசிக்கச் சொன்னேன். சுத்தமா வாசிக்கிறான்யா! தாளம் அசையலை, விரல் சரியான ஃப்ரெட்லதான் இருக்கு. திரையில மட்டும் செவப்பா மிஸ். நாலு நாள் விட்டிருந்தா அந்த பேஸை எவனுக்காவது வித்திருப்பான். இதுக்குத்தான் எனக்குக் கோவம்.

கோவத்துக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு. பேஸ்ல தடிச்ச ஈ தந்தி செகண்டுக்கு 41.2 தடவை அதிருது. ஒரு அதிர்வு முடியவே 24 மில்லிசெகண்ட் ஆகும். இது என்ன சுருதின்னு சொல்ல கம்ப்யூட்டருக்குக் குறைஞ்சது ரெண்டு அதிர்வாவது வேணும், அப்ப கிட்டத்தட்ட 50 மில்லிசெகண்ட் போச்சு. சாதா கிடார்ல மெல்லிசு ஈ தந்தி 329.6 ஹெர்ட்ஸ். ஒரு அதிர்வு 3 மில்லிசெகண்ட்ல முடிஞ்சிடும். தொப்பூர் கணவாயில பைக்கும் இறங்குது, பாரம் ஏத்துன லாரியும் இறங்குது. பைக் பிரேக் போட்ட இடத்துலேயே லாரியும் நிக்கணும்னா எப்படி?

இன்னொண்ணு. ஈ 41.2, அடுத்த ஃப்ரெட் எஃப் 43.65. ரெண்டுக்கும் வித்தியாசம் வெறும் இரண்டரை ஹெர்ட்ஸ். அதிர்வெண்ணைப் பிரிச்சுப் பாக்குற சாதாரண முறையில இந்த ரெண்டையும் தனித்தனியா அடையாளம் காண 0.4 செகண்ட் கேக்கணும். 120 டெம்போவுல அதுக்குள்ள மூணு பதினாறாம் நோட்டு ஓடிப்போயிருக்கும். அதனாலதான் அலை தன்னைத்தானே திரும்பச் சொல்ற இடத்தைத் தேடுற வேற முறைகளெல்லாம் வந்தது. அதுலயும் ஒரு ஸ்தாயி மேல தாவி, 41-ஐ 82-ன்னு சொல்ற தப்பு சகஜம். ஏன்னா பேஸ்ல பல நேரம் அடிப்படை அதிர்வை விட அதோட இரட்டிப்பு பலமா ஒலிக்கும்.

இப்ப நம்மூர் சமாச்சாரம். நம்ம வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியில மூணாவது ஃப்ரெட் ஜி நோட்டு, 49 ஹெர்ட்ஸ். சும்மா தொங்குற ஜி தந்தி 98, கரண்ட் இரைச்சலோட இரட்டிப்பு 100. பாத்தீங்களா? எர்த் சரியில்லாத வீட்டுல "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல் வருமே, அது கிட்டத்தட்ட ஜி சுருதியிலேயே உக்காந்து ஓயாம பாடிட்டு இருக்கு. பையன் வாசிக்கிற 49-ம் சுவர்லேர்ந்து வர்ற 50-ம் சேர்ந்தா செகண்டுக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கும். மெஷின் குழம்பாம என்ன செய்யும்? அமெரிக்காவுல கரண்ட் 60 ஹெர்ட்ஸ். அது பேஸ்ல ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவுல, ரெண்டுலயும் ஒட்டாம விழுது. அவனுக்கு வர்ற தொல்லை வேற, நமக்கு வர்ற தொல்லை வேற. ஆனா திரையில வர்ற தீர்ப்பு மட்டும் ஒண்ணுதான்: மிஸ்.

இந்தக் கேம்கள்ல பேஸ் எப்பவுமே ரெண்டாம் பந்தி. நிஜ கிடாரைச் சொருகி வாசிக்கிற ராக்ஸ்மித் 2011 அக்டோபர்ல அமெரிக்காவுல வந்தப்ப பேஸே கிடையாது, 2012-லதான் சேத்தாங்க. 2013-ல அடுத்த பதிப்பு வந்தது. அதுல சாதா கிடாரை வச்சே பேஸ் பாட்டை வாசிக்கலாம்னு ஒரு வசதி. வசதிதான், வேணாம்னு சொல்லலை. ஆனா கிடாரோட ஈ 82.4 ஹெர்ட்ஸ், ஒரு அதிர்வு 12 மில்லிசெகண்ட். அதாவது கணக்குப்படி பேஸ் பாட்டை பேஸ் இல்லாதவன் வாசிச்சா காத்திருப்பு பாதிதான். நிஜ பேஸ் வச்சிருக்கிறவன் கைகட்டி நிக்கணும். நல்லா இருக்குல்ல?

சரி, என் குற்றச்சாட்டு என்ன? மெஷினுக்குக் காது மந்தம்னு இல்லை. அது இயற்பியல், யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. தனக்குக் கேக்கலைங்கிறதை "நீ தப்பு"ன்னு சொல்லுது பாருங்க, அதுதான். சுருதி கண்டுபிடிக்கிற முறைகள்ல, 2002-ல வெளியான யின் மாதிரி பேர்பெற்றதுல எல்லாம், "இது எவ்வளவு நிச்சயம்"னு சொல்ற ஒரு எண்ணும் கூடவே கிடைக்கும். உள்ள சந்தேகத்தோட கணக்கு இருக்கு, திரையில மட்டும் தீர்ப்பு! "சத்தம் வந்துச்சு, என்ன நோட்டுன்னு தெளியலை"ன்னு மஞ்சக் கலர்ல ஒரு வரி காட்டினா குறைஞ்சா போயிடும்? பையன் ஒயரைப் பாத்திருப்பான், தன்னைப் பாத்துச் சலிச்சிருக்க மாட்டான்.

அடுத்த கோவம் நம்மாளுங்க மேல. ஒரு கோஷ்டி, "தம்பி, இன்னும் நல்லா பிராக்டிஸ் பண்ணு"ங்கும். இன்னொரு கோஷ்டி, "அந்த பேஸ் மட்டம், விலை கூடினதா வாங்கு"ங்கும். ஒருத்தராவது "சார்ஜரைப் புடுங்கிட்டுப் பாத்தியா"ன்னு கேக்கலையே!

அதைத்தான் நான் செஞ்சேன். லேப்டாப் சார்ஜரோட மூணு முள்ளு பிளக்கை ரெண்டு முள்ளு அடாப்டர்ல மாட்டி வச்சிருந்தாங்க, எர்த்தே இல்லை. சார்ஜரைப் புடுங்கினதும் இரைச்சல் பாதி அடங்குச்சு. மீதி, மைக்குக்குன்னு இருக்கிற இரைச்சல் குறைப்பு வசதி. அது பேச்சுக்காகச் செஞ்சது. நீளமா இழுக்கிற கட்டைச் சத்தத்தை ஃபேன் சத்தம்னு நினைச்சு வெட்டிடும். அதை அணைச்சதும் பையன் முகத்தைப் பாக்கணுமே!

உங்க வீட்டுலயும் இதே கதைன்னா, காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க:

1. லேப்டாப்பை பேட்டரியில ஓட்டிப் பாருங்க. இரைச்சல் போச்சுன்னா கோளாறு எர்த்துல. எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க, அது உயிருக்கும் நல்லது. இன்வர்ட்டர்ல ஓடும்போது வர்ற கரகரப்பு தனி.
2. கேம் "சும்மா இரு"ன்னு அளவு எடுக்கும்போது கையைத் தந்தி மேல வச்சு அமுக்கியே இருங்க. கையை எடுத்தா இரைச்சல் கூடும். அதையே அளவா எடுத்துக்கிட்டு, அப்புறம் மெதுவா வாசிக்கிறதை எல்லாம் இரைச்சல்னு தள்ளிடும்.
3. மைக்கோட எல்லா "மேம்பாடு"களையும் அணைங்க. கேபிள் 48,000 ஹெர்ட்ஸ்னா கம்ப்யூட்டரும் 48,000-லயே இருக்கணும்.
4. ப்ளூடூத் ஹெட்போன் வேணாம். 100 மில்லிசெகண்டுக்கு மேல தாமதம் சாதாரணம். நீங்க பாட்டைக் கேக்குறதே லேட்டுன்னா வாசிக்கிறதும் லேட்டுதான். ஒயர் போட்டதே உத்தமம்.
5. பேஸுக்குள்ள பேட்டரி இருக்கிற வகைன்னா வால்யூமைக் கொஞ்சம் குறைங்க, சத்தம் பிளந்துடும். பேட்டரி இல்லாததுன்னா முழுசா திறங்க.
6. பழைய தந்தியை மாத்துங்க. பன்னிரண்டாவது ஃப்ரெட்ல அமுக்கி வாசிச்சா சரியா ஒரு ஸ்தாயி மேல வருதான்னு ட்யூனர்ல பாருங்க. வரலைன்னா மேல போகப் போக எல்லாமே தப்பாத்தான் கேக்கும்.
7. வாசிக்காத தந்திகளை அமுக்கி வைங்க. ஈ தந்தியில அஞ்சாவது ஃப்ரெட் வாசிச்சா பக்கத்துல சும்மா கிடக்கிற ஏ தந்தியும் கூடவே பாடும். இது மட்டும் நிஜமாவே நம்ம தப்பு. கேம் இல்லாட்டியும் பழகியே ஆகணும்.

இவ்வளவும் பாத்த பிறகும் மிஸ்னா, அப்புறம் விரலைச் சந்தேகப்படுங்க. வரிசை அதுதான். நம்மாளுங்க தலைகீழா பண்றாங்க.

"கேம்ல கத்துக்கிறதெல்லாம் ஒரு கலையா, குருகிட்ட போகணும்"னு ஒருத்தர் வருவார். தெரியும். ஐயா, குரு இருந்தா போக மாட்டோமா? இளையராஜாவுக்கு வாசிச்ச சசிதரனும், ரஹ்மானுக்கு வாசிச்ச கீத் பீட்டர்ஸும் சென்னையில. எங்க பையன் தொப்பூர்ல. அவனுக்குக் கிடைச்ச ஒரே வாத்தியார் காது மந்தமான வாத்தியார். அந்த வாத்தியாரை விரட்டணும்னு நான் சொல்லலை. காது மந்தம்னு வாத்தியாரே ஒத்துக்கிட்டா போதும்.

கடைசியா ஒண்ணு. ஹைவே ஓரத்து டீக்கடையில உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்ல ராஜா பாட்டு ஓடும். அந்த ஸ்பீக்கர்ல 41 ஹெர்ட்ஸ் பேருக்குக்கூட வராது. ஆனாலும் பேஸ் எங்க போகுதுன்னு டீ ஆத்துறவருக்குக்கூட தெரியும். மேல இருக்கிற இரட்டிப்பு, மும்மடங்கு அதிர்வுகளை வச்சே, இல்லாத அடித்தளத்தை நம்ம காது கட்டிக்குது. அப்பேர்ப்பட்ட காதை வச்சுக்கிட்டு மெஷின் மார்க்கைப் பாத்து அழலாமா?

மருமகன்கிட்ட இதைத்தான் சொன்னேன். "மார்க்கை மூடிட்டு, வாசிக்கிறதை செல்போன்ல பதிவு பண்ணி, ஹெட்போன் போட்டு, பாட்டோட சேத்துக் கேளு. உனக்கே தெரியும்."

பேஸ் இப்ப பரண்ல இல்லை.

டிஸ்கி: ஜி நோட்டுல மட்டும் இன்னும் அப்பப்ப மிஸ் வருது. வீட்டுக்கு எர்த் போட எலக்ட்ரீசியன் "நாளைக்கு வர்றேன்"னு சொல்லி நாலு நாளாச்சு. அதை எந்த கேம்லயும் சரி பண்ண முடியாது :)