மூலப் பிரதியை எரிக்கலாமா?

போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தால், குண்டு மார்பில் பாய்ந்ததா, முதுகில் பாய்ந்ததா என்றுதான் ஜனங்கள் முதலில் கேட்கிறார்கள். எதிர்த்து வந்தவரா, திரும்பி ஓடியவரா என்ற வழக்கே அதில்தான் அடங்கியிருக்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் செத்தபோதும் இதே கேள்விதான்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதே என்பார்கள். நான் பிரெஞ்சில் படித்தவன். அதிகாரி கண்டதை எழுதி வைக்கும் ஆவணத்துக்கு அங்கே 'புரோசே வெர்பால்' என்று பெயர். பெயரிலேயே 'வார்த்தை' இருக்கிறது பாருங்கள்! ஒருவர் எழுதிய வார்த்தை அறிக்கை. மூலப் பிரதி உடல். அறுத்து, எரித்த பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பது?

அறுப்பதற்கு முன்பே சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டால் மூலம் தங்கும். மண்டையோட்டில் குண்டு நுழைந்த துளை உட்புறமாக அகன்றிருக்கும். வெளியேறிய துளை வெளிப்புறமாக அகன்றிருக்கும். சிதறிய உலோகத் துகள்களும் பாதையைக் காட்டும். பத்து வருஷம் கழித்து வேறொரு டாக்டரும் அதே படத்தைப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தார் இதை 'விர்டாப்சி' என்று இருபது வருஷங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். டெல்லி எய்ம்ஸிலும் 2021-இல் வந்துவிட்டது.

சுட்டது யார் என்று ஸ்கேன் சொல்லாது. கத்திக்கும் அது மாற்றல்ல. ஆனால் எழுதியவரைத் தட்டிக் கேட்க ஒரு சாட்சி மிஞ்சும்.

செலவு என்று சாக்குச் சொல்ல வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மெஷின் இருக்கிறது. போலீஸ் சுட்டுச் செத்தவருக்கு ஸ்கேன் கட்டாயம் என்று ஒரு அரசாணை போதும். போடுங்கள்!